தெருப் பெயர் வேண்டாமே

இருபத்தாறு வருஷம் பத்திரிகையில் ஓடினேன். இப்போது சனிக்கிழமைதோறும் சென்னைக் கல்லூரி ஒன்றில் இதழியல் மாணவர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் நாள் எல்லாரையும் கேட்பேன்: "எதுக்குப்பா இந்தப் படிப்புக்கு வந்தீங்க?" டி.வி.யில் முகம் தெரிய வேண்டும் என்பார்கள் சிலர். சினிமா ஆசையைக் கூச்சத்தோடு சொல்பவர்களும் உண்டு. இந்த வருஷம் ஒரு பையன், "எங்க ஊர் ஆத்துல மணல் அள்ளினதை ஒருத்தரும் எழுதல, மேடம்" என்றான்.

இந்தத் தலைமுறைக்கு போனைத் தவிர வேறு அக்கறை இல்லை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். பிரஸ்மீட்டில் கவர் நீட்டினால் எப்படி மறுப்பது? பொய்த் தலைப்பு வைக்க மாட்டேன் என்றால் வேலை போய்விடுமா? எது நியாயம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. நியாயத்தைச் சொல்லிவிட்டு வேலையில் நிலைக்க முடியுமா என்பதுதான் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றி பிரஸ் கவுன்சில் நியமித்த இருவர் குழு 2010-இல் 71 பக்க அறிக்கை கொடுத்தது. ஆனால் கவுன்சிலால் கண்டிக்க முடியும், எச்சரிக்க முடியும். தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

பிள்ளைகள் இப்படிப் பயப்படும்போதெல்லாம் திருவல்லிக்கேணி இளைஞர்கள் கதையைச் சொல்வேன். முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இழிவாக எழுத, பதில் சொல்ல 1878-இல் ஆறு பேர் சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். நான்கு பேர் சட்ட மாணவர்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் அச்சடித்தது 80 பிரதி.

ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது. பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமி பற்றி ஒரு பயிற்சிச் செய்தி எழுதச் சொன்னேன். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண், சிறுமியின் பெயரைப் போடவில்லை. "பேருந்து நிலையம் எதிரே பூ விற்பவரின் ஒரே மகள், ஏழாம் வகுப்பு" என்று எழுதியிருந்தாள். பரிதாபம் வரட்டும் என்றுதான் எழுதினாள். அந்த ஊரில் யாருக்கு அடையாளம் தெரியாது? 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயர், முகவரி, படம் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. படித்துக் காட்டியதும் அவள் முகம் வாடிவிட்டது.

நானும் அதைச் செய்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு தற்கொலைச் செய்தியில் வீட்டு அடையாளத்தை அப்படியே எழுதிக்கொடுத்தேன். டெஸ்க்கில் ஒருவரும் வெட்டவில்லை. மூன்று மாதத்தில் அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்தப் பெண் மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள். பூக்கடை இல்லை, வகுப்பு இல்லை. போலீஸ் புகாரை வாங்க எத்தனை நாள் இழுத்தது என்பது முதல் வரிக்கு வந்திருந்தது. செய்தி முன்னைவிடக் கூர்மையாக இருந்தது.

அடுத்த ஜூனில் இவர்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள். "இந்தத் தெருப் பெயர் வேண்டாமே, சார்" என்று ஒரு புதுப் பிள்ளை தயங்கிச் சொன்னால், டெஸ்க்கில் இருக்கும் பெரியவர்களே, ஒரு நிமிஷம் நிமிர்ந்து கேளுங்கள்.