பீலித் தண்ணி எங்கே பெய்த மழை?



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் லீவுக்கு வந்தால், முதலில் பீலித் தண்ணியைத்தான் குடிப்பார்கள். "கொழும்பு பைப் தண்ணியில மருந்து வாடை, இதுதான் தேன் மாதிரி" என்பார்கள். ஆனால் கொழும்புக்காக அம்பத்தலையில் எடுப்பதும் களனி கங்கைத் தண்ணீர்தான். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மழையும் அதில் சேர்ந்து போகிறது.

அப்படியானால் நம்ம பீலிக்கு வருவது எங்கே பெய்த மழை? இதை அறிய ஒரு வழி இருக்கிறது.

தண்ணீரிலுள்ள ஒட்சிசன் அணுக்களில் ஏறக்குறைய 500க்கு ஒன்று சற்றுப் பாரமானது. இப்படி எடை வேறுபட்ட ஒரே இன அணுக்களைச் சமதானிகள் என்று பாடசாலையில் படிப்பிக்கிறார்கள். குடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. மெஷினில்தான் அளக்கலாம்.

1952 ஜூன் மாதம் டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட், ஒரு பியர்ப் போத்தலில் புனலைச் செருகி வீட்டுப் புற்றரையில் வைத்து மழையைப் பிடித்தார். ஒரே மழையிலும் பாரமான நீரின் அளவு மாறுவதைக் கண்டார். 1961 முதல் சர்வதேச அணுசக்தி முகவரகம் பல நாடுகளின் மழைநீரை இப்படி அளந்து பதிந்து வருகிறது.

விஷயம் இதுதான். கடலிலிருந்து வரும் மேகம் மலை ஏற ஏறக் குளிர்ந்து மழையாகிறது. பாரமூட்டையோடு மலை ஏறுகிறவர் வழியிலேயே பாரத்தைக் குறைப்பது போல, பாரமான நீர் கீழேயே கூடுதலாக விழுந்துவிடும். உச்சியில் பெய்யும் மழையில் அது குறைவு. பல உயரங்களில், பல மாதங்கள் மழையைப் பிடித்து ஊற்று நீரோடு ஒப்பிட்டால், அந்த நீர் லயத்துக்குப் பக்கத்தில் பெய்ததா, மேலே காட்டில் பெய்ததா என்று கணிக்கலாம்.

இதில் நமக்கென்ன? நாங்கள் போன ஒரு தோட்டத்தில் ஊற்றுக்கு மேலிருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் பீலித் தண்ணி நூல் போலாகிவிட்டது. நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த தாய்மார் இரவில் வாளியோடு வரிசையில் நின்றார்கள். மரமும் சருகும் இருந்தால்தான் மழை மண்ணுக்குள் மெதுவாக இறங்கும். இல்லாவிட்டால் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும்.

இன்னொன்று. இந்தச் சோதனை தண்ணி எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்லும். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. ஆகவே:

- ஊற்றுக்கு மேலே விறகுக்கு மரம் வெட்ட வேண்டாம்.
- மலசலகூடக் குழியை ஊற்றுக்கு மேலே தோண்ட வேண்டாம்.
- மருந்தடிக்கும் தாங்கியை ஊற்றிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம்.
- எவ்வளவு தெளிவான தண்ணியானாலும் கொதிக்க வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

உங்கள் பீலியில் தண்ணி குறைந்தால் தலைவரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் உடனே சொல்லுங்கள். முழுவதும் வற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.