நாய்க் காப்பகம்: கூண்டைத் திறப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

தெருநாய் பற்றிய பேச்சு டீக்கடையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கே விடக் கூடாது, காப்பகத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும்.

நகராட்சிகளுக்கு இது பெரிய மாற்றம். இதுவரை கருத்தடை மையம் என்றால் நாய் வரும், அறுவை சிகிச்சை நடக்கும், நான்கைந்து நாளில் திரும்பிப் போகும். இனி சில நாய்கள் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். தினமும் சோறு வைக்க வேண்டும், கூண்டு கழுவ வேண்டும், நோய் வந்தால் பார்க்க வேண்டும், செத்தால் புதைக்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்யப் போவது யார்?

நாயை நேசிப்பவர்களும் நாயைக் கண்டால் ஆகாதவர்களும் தொலைக்காட்சியில் மோதிக் கொள்கிறார்கள். சுருக்கு வலையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவரைப் பற்றி இரண்டு தரப்புமே பேசுவதில்லை. தூய்மைப் பணியில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கொங்குப் பகுதி என்றால் பெரும்பாலும் அருந்ததியர். நாய் பிடிப்பதும், கூண்டு கழுவுவதும், செத்ததை எடுத்துப் போடுவதும் அந்த வேலையின் வாலாகவே ஒட்டிக்கொண்டு வருகின்றன. ‘நாய் பிடிக்கிறவன்’ என்பது நம் ஊரில் தொழிலின் பெயர் மட்டுமா, வசவும்தானே?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2001இல் வந்த விதிகளுக்குப் பதிலாக, விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 இப்போது நடப்பில் உள்ளன. நாயை இடுக்கியாலோ கம்பியாலோ பிடிக்கக் கூடாது, வலையாலும் கையாலும் பிடிக்க வேண்டும். கூண்டு எத்தனையோ அத்தனை நாய்தான் பிடிக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 4 நாள் வைத்திருக்க வேண்டும். மையத்தில் சிசிடிவி கேமரா இருக்க வேண்டும். எந்தத் தெருவில் பிடித்தார்களோ அதே தெருவில் விட வேண்டும். நல்ல விதிகள்தான். நாயை மனிதத்தன்மையோடு நடத்தச் சொல்வதில் நமக்கு மறுப்பில்லை.

மேற்பார்வைக்கு உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒன்றையும் விதிகள் கேட்கின்றன. நகராட்சி ஆணையர் தலைவர். பொது சுகாதாரத் துறை, கால்நடை மருத்துவர், விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், விலங்கு நல அமைப்பு என்று உறுப்பினர்கள். நாய் பிடிக்கும் தொழிலாளிக்கு என்று அதில் ஒரு நாற்காலி இல்லை. எந்தக் கூண்டின் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, எந்த வலை கிழிந்திருக்கிறது, எந்த நாய்க்கு இரண்டு நாளாக வாயில் நுரை தள்ளுகிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். அவரைக் கேட்காமல் காப்பகத்தை மேற்பார்வை செய்வது எப்படி? தொழிலாளர் பிரதிநிதி ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராகவாவது உட்கார வைக்க ஆணையர் மனம் வைத்தால் போதும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது ஊசி. இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதனால்தான், நாயைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கடிபடும் முன்பே தடுப்பூசி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் தேசிய ரேபிஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் சொல்கின்றன. நம் நாட்டு நடைமுறையில் மூன்று ஊசி: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். இதைப் போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால் அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று போட்டால் போதும். போடாதவர் கடிபட்டால் அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை போக வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும். தினக்கூலிக்கு நான்கு முறை என்றால் நான்கு நாள் கூலி. மூன்றாவது ஊசியோடு ‘காயம்தான் ஆறிடுச்சே’ என்று வேலைக்குத் திரும்பிவிடுவதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை.

கையுறையும் பூட்ஸும் தந்தோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. தடுப்பூசிப் பதிவேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரரைக் கேட்டால் நகராட்சியைக் காட்டுவார், நகராட்சியைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் காட்டும். வேலை நகராட்சியுடையது; ஊசி போட்டிருக்கிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பிலிருந்து அது நழுவ முடியாது. ஒப்பந்தப் பத்திரத்திலேயே, ஊசி முடித்த சான்று இல்லாத ஆளை வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். ஊசி போடும் நாளுக்கும் கூலி உண்டு என்று இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முதல் வரி தொழிலாளியின் பிழைப்பில்தான் விழும்.

காப்பகத்தைக் கூட்டும் பெண்களையும் மறக்கக் கூடாது. அறுவை சிகிச்சையில் எடுக்கும் உறுப்புகள், ஊசிகள், ரத்தம் தோய்ந்த பஞ்சு எல்லாம் மருத்துவக் கழிவு. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி தனித்தனி நிறப் பையில் பிரித்து, அதற்கான நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். குப்பைக் கூடையில் கலந்து போட்டால் அந்த ஊசி குத்துவது அவர் விரலில்தான்.

இடம் ஒரு தனிக் கதை. சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை 1996இல் நிறுத்திவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. அதன் மையங்களில் ஒன்று புளியந்தோப்பில், ஒன்று கண்ணம்மாபேட்டையில். முதல் இடத்துக்கு அருகே ஆடு மாடு அறுக்கும் கூடம். இரண்டாவது இடத்தில் சுடுகாடு. குப்பைக் கிடங்கு, சுடுகாடு, அறுப்புக்கூடம் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் நம் மக்களின் குடியிருப்பும் இருக்கிறது. சிறு நகரங்களில் புதிய காப்பகத்துக்கு இடம் தேடும் அதிகாரியின் விரலும் வரைபடத்தில் அந்தப் பக்கமே போகும். குரைப்பும் நாற்றமும் கழிவுநீரும் யார் வீட்டு வாசலுக்கு வரும் என்பதை இடம் முடிவாகும் முன்பே கேட்க வேண்டும். கட்டிடம் எழும்பிய பிறகு கேட்டால் பதில் வராது.

கணக்குக்கு வருவோம். கருத்தடைக்கு நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட ஆசை வரும் இடம் அதுதான். அதற்கு விதிகளிலேயே ஒரு வழி உண்டு: அகற்றிய உறுப்புகளை எண்ணிப் பார்த்துத்தான் எண்ணிக்கையை உறுதி செய்ய வேண்டும். அந்த எண்ணிக்கையை வார்டு வாரியாக நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், பாதி சந்தேகம் தீரும்.

நாயை விடும் இடமும் கணக்கில் வர வேண்டும். பிடித்த இடத்தில் விட்டால் அந்தத் தெருக்காரர் திட்டுவார் என்று ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போவது விதிமீறல். பழக்கமில்லாத இடத்தில் பசியோடு நிற்கும் நாய் முதலில் நுழைவது கடைசித் தெரு காலனியில். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தெருநாய்களிடம் ஆடுகளைப் பறிகொடுத்தவர்கள் இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வந்ததைப் பார்த்தோம். பட்டி வைத்திருப்பவருக்கே அந்த நிலை என்றால், இரண்டு வெள்ளாட்டை வைத்துப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சமாளிக்கிற குடும்பத்துக்கு எப்படி இருக்கும்?

இதையெல்லாம் கேட்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கண்காணிப்புக் குழு உறுப்பினர்கள் யார், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, கூட்டக் குறிப்பின் நகல், நாய் பிடித்த இடமும் விட்ட இடமும் எழுதிய பதிவேட்டின் நகல், பணியாளர்களில் எத்தனை பேருக்கு மூன்று ஊசியும் முடிந்திருக்கிறது என்ற எண்ணிக்கை. 30 நாளில் பதில் தர வேண்டும். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் மாவட்டத்தின் எல்லா நகராட்சிக்கும் ஒரே வாரத்தில் மனு அனுப்பிவிடலாம். பதில்கள் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நகராட்சியை ஒட்டிய ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில், எங்கள் எல்லையில் நாய்களை விடக் கூடாது, விடும் பதிவேட்டின் நகலை ஊராட்சிக்கும் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். அந்தத் தீர்மானத்திலேயே தொழிலாளர்களின் தடுப்பூசியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வண்டியில் வந்து நாயை இறக்கிவிடச் சொல்லி அனுப்பப்படுகிறவரும் நம் தெருக்காரராகவே இருப்பார்.