மினுங்கும் விளக்கும் உப்புக் காற்றும்

இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றெனத் திருகோணமலை போற்றப்படுகின்றது. அதற்குப் பெருமை தந்த கடலே, கரையில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு ஓயாப் பகையாகவும் அமைந்துள்ளது. கடற்காற்றுச் சுமந்துவரும் உப்பு உலோகங்களை அரிக்கும் இயல்பினது. அவ்வரிப்பால் விளையும் கேடுகளுள் ஒன்று, வண்டியின் முகப்பு விளக்கு நிலைத்து எரியாது மினுங்குதலாகும்.

இதனைச் சிறு குறையெனத் தள்ளுதல் தகாது. திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியே ஹபரணை செல்லும் நெடுஞ்சாலை பல இடங்களிற் காட்டை ஊடறுத்துச் செல்கின்றது. இரவிற் காட்டு யானைகள் அதனைக் கடப்பதுண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, விளக்கு ஒரு நொடி அணைந்தால், ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தை இருளிற் கடந்துவிடும். எனவே இக்குறையின் காரணத்தை அறிதல் உயிர்காப்போடு தொடர்புடையதாகும்.

மின்னோட்டம் மின்கலவடுக்கிலிருந்து புறப்பட்டு, உருகி, ஆளி என்பவற்றினூடாக விளக்கை அடைகின்றது. ஆனால் அது மீளுவதற்குப் பெரும்பாலும் தனிக்கம்பி முழுநீளத்துக்கு அமைக்கப்படுவதில்லை. வண்டியின் இரும்புடலே மீளும் வழியாகப் பயன்படுகின்றது. விளக்கின் கம்பி அவ்வுடலோடு திருகாணியாற் பிணைக்கப்படும் இடம் புவித்தொடுப்பு எனப்படும். உப்புத் துகள் காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். செம்பும் இரும்பும் அவ்வீரத்தில் ஒன்றையொன்று தொட்டுநிற்க, இரும்பு விரைந்து துருவேறும். வாடைக் காற்று மழையோடு வீசும் காலத்தில் இக்கேடு மிகும்.

1827 இல் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதி, இத்துருவின் விளைவைக் கணக்கிட உதவுகின்றது. 12 உவோற்றில் எரியும் 55 உவாற்று மின்குமிழ் ஏறத்தாழ 4.6 அம்பியர் ஓட்டத்தைப் பெறும். எரியும்போது அதன் தடை 2.6 ஓம் அளவாகும். துருவேறிய மூட்டு 0.3 ஓம் தடையை மட்டுமே சேர்ப்பினும், குமிழுக்குரிய அழுத்தத்திற் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒளியோ ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு குறையும். வண்டி குலுங்குந்தோறும் மூட்டின் தடை கூடியும் குறைந்தும் மாறுதலால் விளக்கு மினுங்குகின்றது. மூட்டிற் பிறக்கும் வெப்பம் அரிப்பை மேலும் வளர்க்கின்றது.

பலர் மினுங்கலைக் கண்டதும் புதுக் குமிழ் வாங்குவர். சில நாளில் மினுங்கல் மீளும். நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறிய முறை இங்கும் பொருந்தும்.

முதலிற் குறியை நோக்குதல் வேண்டும். ஒரு விளக்கு மட்டும் மினுங்கின், அதன் குமிழ், செருகி, புவித்தொடுப்பு ஆகிய மூன்றனுள் ஒன்றிற் குறையுண்டு. இரண்டும் ஒருங்கே மினுங்கின், மின்கலவடுக்கின் முனைகள், பொதுப் புவித்தொடுப்பு, ஆளி, மின்பிறப்பாக்கி என்பவற்றை ஆராய்தல் வேண்டும். இயந்திரம் விரைய ஒளி பெருகி, தணியக் குன்றுமாயின், பிறப்பாக்கியின் பட்டி தளர்ந்திருத்தல் கூடும்.

அடுத்து அளவிடுதல் வேண்டும். முழு மின்னேற்றம் பெற்ற மின்கலவடுக்கு, இயந்திரம் நின்றிருக்கையில் 12.6 உவோற்று அளவும், பிறப்பாக்கி இயங்குகையிற் பொதுவாக 13.8 முதல் 14.5 உவோற்று வரையும் காட்டும். பின்னர், விளக்கு எரிகையில், குமிழின் புவிமுனைக்கும் மின்கலவடுக்கின் எதிர்முனைக்கும் இடையே உவோற்றுமானியை இணைத்தல் வேண்டும். நல்ல தொடுப்பில் அளவு பூச்சியத்தை ஒட்டியிருக்கும். அரை உவோற்று, ஒரு உவோற்று எனக் காட்டின் குற்றம் அவ்வழியிலேயே உள்ளது. கருவி இல்லாதவிடத்து, அவ்விரு முனைகளையும் தடித்த கம்பியொன்றால் இணைத்துப் பார்க்கலாம். மினுங்கல் நிற்குமாயின் ஐயம் தீர்ந்தது.

பரிகாரம் எளிது. விளக்கை அணைத்து, மின்கலவடுக்கின் புவிப்பக்க முனையை முதலிற் கழற்றுதல் வேண்டும். இக்கால வண்டிகளில் அது எதிர்முனை; மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் நேர்முனை. தொடுப்பின் திருகாணியைக் கழற்றி, துருவும் வண்ணப்பூச்சும் நீங்கி இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுகப் பூட்டிய பின் மேலே வாசலீன் பூசின் ஈரம் அணுகாது. மின்கல முனைகளிற் படிந்த பொருக்கை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி உலர்த்தலாம். கருகிய செருகியை மாற்றிவிடுதலே தக்கது. உருகி அடிக்கடி எரிகின்றதென்று பெரிய உருகியை இடுதல் தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

பழைய குமிழுக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்குப் பொருத்திய புதிய வண்டிகளில், மின்னோட்டம் துடிப்புகளாக அனுப்பப்படுவதாலும் மினுங்கல் தோன்றும். அதற்குத் துருத் துடைத்தல் மருந்தாகாது; அவ்வண்டிக்கேற்ற விளக்கே வேண்டும்.

கடற்காற்றைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆயினும் வாடைக் காலத்துக்கு முன் ஆண்டுக்கொருமுறை சில திருகாணிகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டுதல் யாவர்க்கும் இயலும். அரைமணி நேர உழைப்பும் ஒரு துண்டு உப்புத்தாளும், காட்டு வழியில் ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கவல்லன.