வழுநீக்கியின் ஓரெழுத்துக் கட்டளைகள்

மொழியில் நேரும் தவற்றினை இலக்கணம் 'வழு' என்னும். கணிப்பொறிக்கென எழுதப்பெறும் நிரலிலும் வழு நேர்வதுண்டு. ஆங்கிலத்தார் அதனைப் பூச்சி எனப் பொருள்படும் 'பக்' என்னும் சொல்லாற் குறிப்பர். 1961இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிடிபி-1 என்னும் பொறிக்கென அமைத்த வழுநீக்கிக்குப் பூச்சிமருந்தின் பெயரை ஒத்த 'டிடிடி' என்பதே பெயராயிற்று. எனினும், மருந்து பூச்சியைக் கொல்வதுபோல் வழுநீக்கி வழுவைத் தானே ஒழிப்பதன்று. பொறியைப் படிப்படியாக நடத்தி, அதன் உள்நிலையை உள்ளவாறே காட்டுவதுதான் அதன் தொழில். வழுவைக் கண்டுகொள்வது ஏவுவோர் கடன்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 'டீபக்' என்னும் கருவி. டிம் பேட்டர்சன் என்பார் 86-டாஸ் இயங்குதளத்துக்கென இதனை எழுதினார். 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணிப்பொறியின் டாசுடன் இது பரவியது. இதன் கட்டளைகள் ஓரெழுத்தால் ஆயவை. தமிழில் வா, போ, தா என ஓரெழுத்தொருமொழியே ஏவலாய் நிற்பது போன்றது இது. டம்ப், டிரேஸ், ரெஜிஸ்டர், அசெம்பிள் முதலிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைத் தட்டினாற் போதும், கட்டளை நிறைவேறும்.

25ஐயும் 17ஐயும் கூட்டும் சிறு நிரல் ஒன்றைக் கொள்க. விடை 42 ஆதல் வேண்டும். 'அசெம்பிள்' கட்டளையால் 0100 என்னும் நினைவக முகவரி தொடங்கி இரண்டு ஆணைகள் எழுதப்பெறுகின்றன. 25ஐ ஏஎக்ஸ் என்னும் பதிவகத்தில் இடுக என்பது முதலாணை. அதனோடு 17ஐக் கூட்டுக என்பது அடுத்தது. பதிவகமாவது செயலகத்தினுள் ஓர் எண்ணைத் தாங்கும் சிற்றறை.

'டம்ப்' கட்டளை நினைவகத்தில் உள்ளதை அப்படியே திரையில் இடும். முதலாணை அங்கே பி8, 25, 00 என மூன்று பைட்டுகளாகத் தோன்றும். பி8 என்பது 'ஏஎக்ஸில் இடுக' என்பதற்குரிய குறி. எஞ்சிய இரண்டும் சேர்ந்து 0025 என்னும் எண். சிறுமதிப்புப் பகுதி முன்னும் பெருமதிப்புப் பகுதி பின்னுமாக நிற்பது இச்செயலகத்தின் மரபு, வழு அன்று.

'டிரேஸ்' கட்டளை ஒரே ஓர் ஆணையை நிறைவேற்றி நிற்கும். உடனே பதிவகங்களின் மதிப்புகளையும் அடுத்த ஆணையையும் காட்டும். முதன்முறை ஏவ, ஏஎக்ஸ் 0025 ஆகின்றது. இரண்டாம் முறை ஏவ, 003சி ஆகின்றது. 3சி என்பது மூன்று பதினாறும் பன்னிரண்டும், அஃதாவது 60. எதிர்பார்த்ததோ 42.

வழு எங்கே? பொறி கூட்டியதில் இல்லை. டீபக் தன்னிடம் தரப்பெறும் எண்களைப் பதினாறடிமான எண்களாகவே கொள்ளும். ஆதலின் அது 25 என்பதை இரு பதினாறும் ஐந்துமாக, 37 என்றும், 17 என்பதை 23 என்றும் கொண்டது. இரண்டும் கூட 60. சொல்லியதைப் பொறி செய்தது. சொல்ல நினைத்ததை அன்று.

திருத்தம் எளிது. 25க்கு 19 என்றும், 17க்கு 11 என்றும் ஆணைகளை மீள எழுதுதல் வேண்டும். பின்னர், அடுத்த ஆணையின் முகவரியைத் தாங்கும் ஐபி பதிவகத்தை 'ரெஜிஸ்டர்' கட்டளையால் 0100க்குத் திருப்புதல் வேண்டும். இதனை மறப்பின், பொறி விட்ட இடத்திலிருந்தே மேற்சென்று, அங்குக் கிடக்கும் எதனையும் ஆணையெனவே கொள்ளும். இருமுறை 'டிரேஸ்' ஏவ, ஏஎக்ஸ் 002ஏ ஆகும். இரு பதினாறும் பத்தும், 42.

இக்கட்டளைகளுள் அச்சத்தோடு கையாளத்தக்கதும் ஒன்றுண்டு. 'ரைட்' கட்டளையோடு வட்டின் எண்ணையும் பகுதி எண்ணையும் தந்தால், கோப்பு எதுவெனப் பாராது அவ்விடத்தில் நேரே எழுதிவிடும். 'உறுதிதானா?' என்னும் வினா எழாது. ஓரெண் பிறழ்ந்தால் வட்டிலுள்ள கோப்புகளின் பட்டியலே அழியவுங்கூடும். ஏவலின் சுருக்கம் அதன் விளைவைச் சுருக்குவதில்லை.

64 பிட் விண்டோசில் டீபக் இடம்பெறவில்லை. இன்று வழங்கும் ஜிடிபி முதலியவற்றில் கட்டளைப் பெயர்கள் வேறு, முறை ஒன்றே. ஒவ்வோர் ஆணைக்கு முன்னும் விளையப்போவது இன்னதெனத் துணிக, ஓர் அடி நடத்துக, விளைந்ததை ஒப்பிடுக. மாணவன் கணக்கை வரிவரியாகப் பார்க்கும் ஆசிரியர் முதன்முதலாகப் பிறழ்ந்த வரியில் நிற்பதுபோல, எதிர்பார்த்ததும் கண்டதும் முதலில் வேறுபட்ட அடியில் நின்று ஆராய்க. எதிர்பார்ப்பு இன்றிக் கட்டளை தட்டுவோர்க்குத் திரை நிறைய எண்கள் தோன்றும், வழு தோன்றாது.