வண்டியின் அடியில் கேட்கும் ‘டக்’ ஒலி

மோட்டார் வண்டியை முதல் கியரில் எடுக்கும்போது அடியில் ‘டக்’ என்று ஓர் ஒலி எழுகிறது. ஓடும் வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மீண்டும் ஒரு முறை கேட்கிறது. ஓடுகிற வரையில் ஓடட்டும் என்று இதனை விட்டுவிடுவோர் சிலர். கியர் பெட்டியே கெட்டுவிட்டது என்று அஞ்சிப் பெருந்தொகை செலவிட்டு அதைப் பிரித்துப் போடுவோர் வேறு சிலர். இவ்விரண்டும் வேண்டுவதில்லை. ஒலி எப்பொழுது வருகிறது என்பதைக் கூர்ந்து கவனித்தால், பழுதுற்ற இடம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் எஞ்சின் இருப்பது முன்னே. வண்டியைச் செலுத்துவனவோ பின் சக்கரங்கள். இடையே நீண்ட எஃகுக் குழல் ஒன்று சுழன்று சக்தியைக் கொண்டு செல்கிறது. இதுவே புரொபெல்லர் ஷாப்ட். சாலையின் மேடு பள்ளங்களுக்கேற்பப் பின் அச்சு ஏறி இறங்குவதால், இக்குழலின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் உண்டு. மூட்டின் நடுவே சிலுவை வடிவான உறுப்பு ஒன்று, ஊசி போன்ற மெல்லிய உருளைகளின் நடுவே அசைகிறது. பட்டறைகளில் இதனைக் ‘கிராஸ்’ என்பர். குழலின் பின்முனை, பின் அச்சின் நடுவிலுள்ள ‘டிபரன்ஷியல்’ பற்சக்கரங்களோடு சேர்கிறது.

ஒலி எவ்வாறு பிறக்கிறது? எஞ்சின் சக்கரங்களைத் தள்ளும்போது பற்கள் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கின்றன. காலை எடுத்தவுடன் சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளத் தொடங்குகின்றன; பற்கள் மறுபக்கம் சென்று மோதுகின்றன. பற்களுக்கிடையே சிறிது இடைவெளி இருந்தே தீரவேண்டும். தேய்மானத்தால் அது மிகுந்துவிட்டாலோ, கிராஸ் தேய்ந்து ஆட்டம் கண்டாலோ, அம்மோதல் நம் காதில் விழுகிறது.

இதனைச் சோதிக்கும் முறை எளிது. வண்டியைச் சமதளத்தில், பட்டறைப் பள்ளத்தின்மேல் நிறுத்துக. எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் செல்லலாகாது. பிறகு மூட்டின் இரு பக்கங்களையும் கைகளால் பற்றி, எதிரெதிராகத் திருகிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் அசைய மறுபக்கம் அசையாதிருந்தால், கிராஸ் தேய்ந்துவிட்டது என்பது தெளிவு. அதன் கிண்ணங்களைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி காணப்படுவதும், மெதுவாகச் செல்கையில் கீச்சொலி கேட்பதும் இதற்கே அறிகுறிகள். மாறாக, மூட்டுகள் உறுதியாயிருக்கக் குழல் முழுவதும் அளவுக்கு மீறித் திரும்புமாயின், தேய்மானம் டிபரன்ஷியலில் உள்ளது.

பிரேக் போடும்போதும் ஒலி கேட்டால், பின் அச்சை வில்லோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். கிளச்சை விடும்போது எஞ்சினே குலுங்கிச் சாய்ந்தால், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் பழுதுற்றிருக்கலாம்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 போன்ற கார்களில் முன் சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. ஆகவே நீண்ட குழல் இல்லை. ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று தொடர்ந்து கேட்டால், சக்கரத்தை ஒட்டிய மூட்டை ஐயுறவேண்டும். அதை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்திருக்கக்கூடும்.

தேய்ந்த கிராஸைப் புறக்கணிப்பது பேராபத்து. ஓட்டத்தில் முன்மூட்டு முறிந்தால், குழலின் முனை சாலையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடக்கூடும். உரிய காலத்தில் மாற்றினால், கியர் பெட்டியைப் பிரிப்பதற்காகும் செலவில் ஒரு சிறு பகுதியே போதும்.

அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர், பட்டறைக்காரரிடம் பேச மொழி போதவில்லையே என்று தயங்குவதுண்டு. கிராஸ், டிபரன்ஷியல் முதலிய பெயர்கள் தில்லியிலும் மும்பையிலும் வழங்குபவையே. ஆயினும், இந்த உறுப்பை மாற்று என்று நாமே தீர்ப்புச் சொல்வதைவிட, ஒலி எழும் வேளையை ஓட்டிக் காட்டுவது நலம். அவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஒரு முறை காலை அழுத்தி, ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள். கேட்டுப் பழகிய காது மற்றதைப் புரிந்துகொள்ளும்.