மலிவு இதழ்களும் அவற்றின் விலையும்

ஓர் இதழ் மலிவாக விற்கப்படுகிறதெனின், அதனை ஆக்கும் செலவில் ஒரு பகுதியை வாசகனல்லாத வேறொருவர் கொடுக்கின்றார் என்பதே பொருள். தாளும் மையும் அச்சுக்கோப்போர் கூலியும் எந்நாட்டிலும் இனாமாகக் கிடைப்பனவல்ல. ஆதலின் மலிவு இதழ்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அக்குறையை நிரப்பியவர் யாவரென முதற்கண் வினவுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் 1893ஆம் ஆண்டு பிராங்க் மன்சி என்பார் தம் மாத இதழின் விலையை 25 சதத்திலிருந்து 10 சதமாகக் குறைத்தார். அவ்விலைக்கு விற்பின் நட்டமே எஞ்சும். ஆயினும் வாசகர் தொகை பெருகியது. அத்தொகையை நாடி விளம்பரம் வந்தது. விளம்பரப் பணம் நட்டத்தை ஈடுசெய்தது. விநியோகக் கம்பனி அவர் திட்டத்திற்கு இசையாமையால், கடைகளுக்குத் தாமே நேரடியாக அனுப்பினார்.

தமிழகத்தில் இவ்வழியைத் திறம்படக் கையாண்டவர் எஸ். எஸ். வாசன். விளம்பரத் தொழிலிலும் தபால்வழி வணிகத்திலும் பழகியிருந்த அவர், பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகட’னை 1928இல் விலைக்கு வாங்கினார். பெயரில் ஓரெழுத்துக்கு 25 ரூபாயாக 200 ரூபாய் கொடுத்தாரென்பது வழங்கிவரும் செய்தி. குறுக்கெழுத்துப் போட்டி வாசகரைத் திரட்டிற்று. கல்கியின் நகைச்சுவை அவரைப் பிரியாது நிறுத்திற்று. 1941இல் ‘கல்கி’யும் 1947இல் ‘குமுத’மும் தோன்றின. போட்டிப் பரிசால் இலக்கியம் வளருமோவென அன்று முகஞ்சுளித்தோர் பலர். ஆனால் வாசிக்கும் பழக்கமே இல்லாதிருந்த இல்லங்களுள் முதன்முதல் நுழைந்த அச்செழுத்து இவையே என்பதை அவர்கள் எண்ணினாரல்லர்.

கடல் கடந்து இவை ஈழத்துக்கும் வந்தன. எங்கள் மதுரங்குளிப் பக்கத்துத் தென்னந்தோட்ட வீடொன்றில், தொடர்கதைப் பக்கங்களை மாத்திரம் பிரித்தெடுத்து, சாக்கு நூலால் தைத்துக் கட்டிய பழந்தொகுதிகளை யான் கண்டதுண்டு. அட்டை போயிருந்தது, கதை பத்திரமாயிருந்தது.

இவற்றோடு விலையிற் போட்டியிட ஈழத்துச் சஞ்சிகைகளால் இயலவில்லை. காரணம் எழுத்தாளரின் குறைவன்று. ஒரு பக்கத்தை அச்சுக்கோக்கும் கூலி, நூறு பிரதிகளுக்கும் நூறாயிரம் பிரதிகளுக்கும் ஒன்றே; பிரதி பெருகப் பெருகத் தலைக்கு விழும் செலவு குறையும். சிறு நிலத்துச் சிறு வாசகர் கூட்டத்தை நம்பிய இதழுக்கு அந்த அனுகூலம் இல்லை. விளம்பரம் தரும் வணிகரும் பிரதி மிகுந்த இடத்தையே நாடுவர். குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ 1958இல் நின்றது. வரதர் முதலியோர் 1946இல் தொடங்கிய ‘மறுமலர்ச்சி’ இரண்டாண்டளவே நிலைத்தது.

அங்ஙனமாயின் டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் தொடங்கிய ‘மல்லிகை’ எங்ஙனம் 2012 வரை, ஏறத்தாழ 400 இதழ்கள் நின்றது? யாழ்ப்பாணத்திற் சிகையலங்காரத் தொழில் செய்தவர் அவர். சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவர். 1960இல் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். இதழ்க் கட்டைச் சுமந்து, கண்டோர் கையிற் கொடுத்து, காசை வாங்கி அடுத்த இதழுக்குத் தாள் வாங்கினார். மன்சிக்கு விளம்பரகாரர் கொடுத்ததை ஈண்டுப் பத்திராதிபரின் கால்கள் கொடுத்தன என்க. சிவஞானசுந்தரம் 1963இல் தொடங்கிய ‘சிரித்திர’னும் அத்தகைய தனிமனித உழைப்பே.

1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்ச் சஞ்சிகைகள் சற்றே மூச்சுவிட்டன. வாசகரோ தொடர்கதை அறுந்ததென வருந்தினர், அவ்வருத்தமும் நியாயமானதே. 1977இன் பின் இறக்குமதி மீண்டும் தாராளமாயிற்று. ஜீவா போரினால் யாழ்ப்பாணத்தை நீங்கிக் கொழும்பிலிருந்தும் ‘மல்லிகை’யை நடத்தினார்; 2021 சனவரியில் மறைந்தார்.

அவ்விதழ்கள் பலவற்றை ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஒளிவருடி வைத்துள்ளது. அண்மையில் அவற்றுளொன்றை வகுப்பிற் கைப்பேசியிற் காட்டினேன். “காசு கட்ட வேண்டுமா சேர்?” என்றான் ஒரு மாணவன். வேண்டியதில்லை என்றேன், தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பையும் நன்கொடையாளரின் பணத்தையும் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது.