பன்றிக்கொட்டிலும் காற்றும்

ஜேடர்பாளையம் முதலிய காவிரிக்கரை ஊர்களில் வயலையும் தறியையும் நம்பி வாழ்வோர் பலர் ஓரிரு கறவை மாடுகளையும் வைத்துள்ளனர். நூல் விலை ஏறித் தறி நின்றாலும், வெற்றிலை விலை சரிந்தாலும், குடும்பத்தைத் தாங்குவது பால் பணமே. அந்த மாட்டுக்குக் கோமாரி கண்டால் பால் வற்றும், இளங்கன்று மாண்டுபோகும், கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். இந்நோய் பரவும் வழிகளில் நம்மவர் அதிகம் கருதாத ஒன்றை இங்கு விளக்க விரும்புகிறோம். அது நோயுற்ற பன்றி விடும் மூச்சு.

கோமாரிக்குக் காரணம் வைரஸ் எனப்படும் மிக நுண்ணிய கிருமி. ஜெர்மானிய அறிஞர்களான லோஃப்லரும் ஃப்ரோஷும் இதனை 1898-ஆம் ஆண்டில் நிறுவினர். மாடு, எருமை, ஆடு, பன்றி முதலிய பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகள் யாவற்றையும் இது பற்றும்.

எனினும் பற்றும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. பன்றி பெரும்பாலும் தீனியாலும் நேர்த் தொடர்பாலும் நோயைப் பெறுகிறது. பெற்றபின், கொப்புளம் தோன்றும் தொடக்க நாட்களில், மாட்டைவிடப் பன்மடங்கு வைரஸைத் தன் மூச்சில் வெளியிடுகிறது. மாடோ நாள்தோறும் பெருமளவு காற்றை உள்ளிழுப்பது; மிகச் சிறிதளவு வைரஸே அதற்கு நோய் தரப் போதும்.

இதற்கு மேனாட்டில் இரு சான்றுகள் உண்டு. 1981 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பன்றிகளுக்குக் கோமாரி கண்டது. சில நாட்களில் கடலுக்கு அப்பால், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வைட் தீவில் மாடுகள் நோயுற்றன. காற்றே அதனைக் கொண்டு சேர்த்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். 2001-இல் இங்கிலாந்தில், சரியாகக் காய்ச்சாத எச்சில் உணவை உண்ட பன்றிகளிடம் நோய் தொடங்கியது என்றும், சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த மற்றொரு பண்ணைக்கு அது காற்றில் சென்றது என்றும் முடிவு செய்தனர். அந்நோய் அடங்குமுன் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

குளிர்ச்சியும், 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதமும், சீரான மென்காற்றும் காற்றிலுள்ள இவ்வைரஸுக்கு உகந்தவை. வெயிலும் வறட்சியும் அதனை அழிக்கும். எனவே நமது சமவெளியில் சித்திரை வெயிலைவிட, பனி இறங்கும் மார்கழி இரவே அதிக எச்சரிக்கைக்கு உரியது. ஆயினும் நம் நாட்டில் சந்தை மாடும், வண்டியும், ஆட்களின் கை கால்களுமே நோயை மிகுதியாகப் பரப்புகின்றன. காற்றுக்கு அஞ்சிச் சந்தையை மறத்தல் கூடாது.

2020-இல் அசாமில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு நோய். அது மாட்டையும் மனிதரையும் பற்றாது. காற்றில் நெடுந்தூரம் செல்வதும் இல்லை. ஆயினும் எச்சில் உணவு இரு நோய்களுக்கும் பொதுவான ஒரு வாயில்.

ஆகவே செய்யத்தக்கவை இவை. பன்றிக்கொட்டிலை மாட்டுத் தொழுவத்துக்கு எட்ட அமைக்க வேண்டும். உணவுவிடுதி எச்சத்தை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்காமல் பன்றிக்கு இடலாகாது. சலவைச் சோடாவை நூற்றுக்கு நான்கு பங்கு கரைத்த நீரால் கொட்டிலையும் கருவிகளையும் கழுவலாம். சந்தையில் வாங்கிய பிராணியை மூன்று வாரம் தனியே கட்டுதல் நன்று. எல்லாவற்றினும் முக்கியம் தடுப்பூசி. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் மாட்டோடு பன்றியையும் சேர்த்தே வகுக்கப்பட்டது. மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டுப் பன்றியை விடுவது, முன்வாயிலை அடைத்துப் புறக்கடையைத் திறந்து வைப்பதாகும்.

இறுதியாக ஒரு வார்த்தை. பன்றி வளர்ப்போரும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்போரே. ஊரார் ஏசுவர் என்று அஞ்சினால் அவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் நம் தொழுவத்துக்கே வரும். பன்றி நொண்டினாலும், மூக்கிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லும் துணிவை அவருக்கு நாம் அளிக்க வேண்டும். ஒருவர் நஷ்டத்தை ஊரே தனதாகக் கருதுவதுதான் கூட்டுறவு.